ஆட்டுக் கழுத்துக் குழாயும் என் கைச்சுத்தமும்

மச்சான்,

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு ஆராதனை முடிந்து வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து ஆட்டுக்குடல் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் குடல் கழுவுவது ஆண்பிள்ளை வேலை. அதற்கு நீ செய்த கேலியெல்லாம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஈர்க்குச்சியைக் கொடுத்துக் குடலை உள்வெளியாகப் புரட்டி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு, வழவழப்பு என்று ஒன்று இல்லாமல் போகும்வரை தேய்ப்பேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இன்னும் இரண்டு தேய்ப்பு கூடுதல். அன்றைக்கும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாளியோடு வந்த உன் தங்கை ரூத் நின்று பார்த்தாள்.

“அம்புட்டுத் தேய்க்காதிய. உள்ள இருக்கது பூராம் போயிருது. பொறவு வெறுந்தோலைத் திங்கறாப்ல இருக்கு” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து இருபது வருடமாகச் சொல்கிற சொல்தான். இருபது வருடமாக நானும் காதில் போட்டுக்கொள்ளாத சொல்தான். அன்றைக்கு மட்டும் கை நின்றுவிட்டது. மஞ்சள் வாடையும் குடல் வாடையும் மூக்கில் ஏற, உன் வீட்டுக் கொல்லையில் இருந்த பழைய மாட்டுக்கொட்டகையும், கண்ணாடிக் குழாயில் தொங்கிய வெள்ளைவெளேர் என்ற அந்த மூன்று துண்டுகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஈர்க்குச்சியைக் கீழே போட்டேன். “என்னாச்சு? மயக்கமா?” என்று ரூத் கேட்டாள்.

நீ பொய் எழுதினாய் என்று பத்து வருடத்துக்கு முன்பு ஒரு பெரிய மனிதர் நினைத்துவிட்டுப் போனார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ போய் மூன்று வருடம் ஆகிறது. தபாலில் சேர்க்க முடியாத கடிதத்துக்கு அவசரம் ஏது, ஆற அமரவே எழுதுகிறேன்.

மதராஸ் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு உடல் இயங்கும் விதத்தைச் செய்து காட்டும் வேலையில் இருந்தவன் நீ. உன் அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பி வந்தாய். வந்தவன் சும்மா வரவில்லை. கடிகாரம் போல விசை முடுக்கினால் சுற்றுகிற ஒரு பித்தளை டிரம், இரண்டு கண்ணாடிக் குழாய், ஒரு பெட்டி நிறைய மருந்துக் குப்பிகள், இவ்வளவோடும் வந்து இறங்கினாய். மேல்பட்டத்துக்கான ஆராய்ச்சியை ஊரிலிருந்தே செய்து அனுப்பலாம் என்று உன் பேராசிரியர் சம்மதம் கொடுத்திருந்தார். காலையிலும் மாலையிலும் நோயாளிகளைப் பார்ப்பது, நடுவில் மாட்டுக்கொட்டகையில் ஆராய்ச்சி. ஊரில் உனக்குக் கிறுக்கு என்றார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேன்.

உன் வேலை என்னவென்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை. நான் ராஜபாளையத்தில் ஒரு மருந்தகத்தில் கம்பவுண்டர். மிக்சர் கலக்கத் தெரியும், கட்டுப் போடத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அறுத்த ஆட்டின் கழுத்திலிருந்து ரத்தக்குழாயை எடுத்து, அதில் ஒரு துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, காற்றும் கொடுத்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. ஒருநாள் காட்டினாய். துண்டின் ஒரு முனை அடியில் கட்டியிருந்தது. மறுமுனையில் நூல். நூலின் மறுபக்கம் சோளத்தட்டையில் செய்து, தராசுக்கோல் போல நடுவில் ஊசி குத்தி நிறுத்திய ஒரு மெல்லிய லீவர். லீவரின் நுனி, புகைக்கரி படிந்த காகிதம் சுற்றிய டிரம்மை உரசிக்கொண்டிருந்தது. குழாயை இறுக்குகிற மருந்தான அட்ரினலினில் இரண்டு சொட்டு விட்டாய். குழாய் இறுகியது. லீவர் மேலே போனது. கறுப்புக் காகிதத்தில் வெள்ளைக் கோடு ஒன்று மலையேறுவது போல ஏறியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“ஆடுதான் மாப்பிளே செத்துருக்கு. இதுக்கு இன்னும் தெரியாது” என்று சிரித்தாய்.

அன்றிலிருந்து நானும் அந்தக் கிறுக்கில் பாதிப் பங்காளி. உனக்கு வேண்டிய ஆடு ராஜபாளையத்தில்தான் கிடைத்தது. கறிக்கடை மீரான் பாய் கத்தி வைக்கிற அழகுக்காக அவர்தான் வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். விடியக்காலையில் நான் போய் நிற்பேன். அவர் கழுத்துக் குழாயைக் கொழுப்போடும் சதையோடும் அப்படியே எடுத்துத் தருவார். குளிர்ந்த உப்புக் கரைசல் ஊற்றிய தூக்குவாளியில் போட்டு, ஈரச் சாக்கைச் சுற்றி, முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். “டாக்டருக்கு டெய்லி கறிக்கொழம்பு போகுதா?” என்று கண்டக்டர் கேட்பான். நானும் ஆமாம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் பஸ்ஸில் ஏற்றியிருக்க மாட்டான்.

சாயங்காலம் மருந்தகத்தைப் பூட்டிவிட்டு ரயிலேறி உன் வீட்டுக்கு வருவேன். என் வேலை இரண்டே இரண்டு. சிம்னி எடுத்த மண்ணெண்ணெய் விளக்குக்கு மேலே டிரம்மைச் சுழற்றி, மறுநாள் காகிதத்துக்குச் சீராகப் புகை பிடிப்பது ஒன்று. அன்றைக்குக் கோடு விழுந்த காகிதத்தை ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் முக்கி எடுத்துக் கொடியில் தொங்கவிடுவது இன்னொன்று. அரக்கில் முக்காத காகிதம் விரல் பட்டாலே கெட்டுவிடும். முக்கிக் காய்ந்துவிட்டால் காலத்துக்கும் அழியாது. முக்குவதற்கு முன்பு நீ ஒரு ஊசியை எடுத்து, கரியைக் கீறி, காகிதத்தின் அடியில் தேதியும் மருந்தின் பெயரும் எழுதுவாய். அதற்குக் கீழே இரண்டு வரி. ‘செய்தவர்’ என்று எழுதி உன் பெயர். ‘பார்த்தவர்’ என்று எழுதிவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுவாய்.

“ரூத்தை அனுப்புதேன், பார்க்கச் சொல்லு, நான் ஒரு நாள் லீவு போட்டு வாரேன், அந்த எடத்தை ஏன் சும்மா விடுத?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வந்து பார்த்தா எழுது. பார்க்காம எழுதப்படாது. கண்ணுல பட்டதுதான் காகிதத்துல வரணும்” என்றாய். நான் லீவு போடவே இல்லை. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு என்று இருந்துவிட்டேன். அந்தச் சோம்பலை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

நீ கண்ட புதுமை அந்தக் காகிதங்களில்தான் இருந்தது. அட்ரினலின் விட்டதும் கோடு மேலே ஏறி நிற்கும். அப்படி நிற்கும்போது இரண்டாவது மருந்தை, அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வந்த அசிட்டைல்கோலினை விட்டால், கோடு சரசரவென்று இறங்கியது. அதாவது, இறுகியிருந்த குழாய் தளர்ந்து கொடுத்தது. வெட்டியெடுத்த குழாய்த் துண்டில் அப்படி நடக்காது, இன்னும் கொஞ்சம் இறுகத்தான் செய்யும் என்பதுதான் உன் பேராசிரியரும் மற்றவர்களும் கண்டது. உன் காகிதத்தில் ஒவ்வொரு முறையும் இறங்கியது. முதல் காகிதத்தை அரக்கில் முக்கிய சாயங்காலம் நீ சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதுபோல நாற்பது காகிதத்துக்கு மேல் நான் முக்கித் தொங்கவிட்டேன். உன் கொல்லைக் கொடியில் கறுப்புத் துணி காய்கிறது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

பேராசிரியருக்கு எழுதினாய். அவர் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. சாரல் காலத்தில் குடும்பத்தோடு குற்றாலம் போகிறேன், வழியில் இறங்கி நேரில் பார்க்கிறேன் என்று பதில் எழுதினார். அவர் சரி என்றால் உனக்குப் பட்டம். பட்டத்தோடு கல்லூரியில் வேலையும் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் ஒன்றுமில்லை. நீ அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாய்.

அவர் வருவதற்கு எட்டு நாள் முன்பு உனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொய்னா மாத்திரை தின்று தின்று காது இரைகிறது என்றாய். கை நடுங்கியது. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தியது. நான்தான் சொன்னேன், “நீ சும்மா உக்காரு மச்சான். குழாயை நான் வெட்டித் தாரேன்.” நீ யோசித்தாய். பிறகு, “சுருளா வெட்டணும். நாடா மாதிரி வரணும். வருமா?” என்றாய். வரும் என்றேன். கட்டுத் துணி கிழிக்கிறவனுக்கு நாடா வெட்டத் தெரியாதா?

இனி எழுதுவதை நீ பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அவர் வருகிற அன்று விடியக்காலையில் மீரான் பாயிடம் குழாயை வாங்கி, நானே பஸ்ஸில் உன் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பெரிய மனிதர் வருகிறார். மதராஸிலிருந்து வருகிறார். விருந்தாளிக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். கொழுப்பை எடுத்தேன், சதையை எடுத்தேன். உள்ளே தொட்டுப் பார்த்தால் குடலைப் போலவே மெல்லிய வழவழப்பு. ரத்தக் கசடு என்று நினைத்துக்கொண்டேன். ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, குழாய்க்குள் கொடுத்து, அந்த வழவழப்பு போகும்வரை தேய்த்தேன். கரைசலில் அலசினேன். திரும்பவும் தேய்த்தேன். பிறகுதான் சுருளாக வெட்டினேன். மூன்று துண்டும் பால் போல வெள்ளையாக வந்தன. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருந்த உன்னிடம் காட்டினேன்.

“ஏலே, என்னைவிட சுத்தமா வெட்டிருக்கியே” என்றாய்.

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு எவ்வளவு பெருமை வந்தது தெரியுமா?

பேராசிரியர் நல்ல மனிதர்தான். முகத்தில் கடுப்பில்லை. அவர் மனைவி கோவிலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் தரிசனம் முடிந்து, மத்தியானம் ரயில் வரும்வரை நமக்கு நேரம். மாட்டுக்கொட்டகைக்குள் குனிந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் துண்டைத் தொங்கவிட்டோம். அட்ரினலின் விட்டதும் கோடு ஏறி நின்றது. அவர் தலையாட்டினார். நீ இரண்டாவது மருந்தை விட்டாய். கோடு இறங்கவில்லை. கொஞ்சம் நின்று, பிறகு இன்னும் மேலே ஏறியது.

இரண்டாவது துண்டும் ஏறியது. மூன்றாவதைத் தொங்கவிடும்போது நீ காய்ச்சலையே மறந்து எழுந்து நின்றிருந்தாய். கம்பளி கீழே விழுந்து கிடந்தது. அதுவும் ஏறியது.

அவர் கொடியில் இருந்த பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இவையெல்லாம் இறங்குகின்றனவே. காகிதத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டீர்களோ?” என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, தப்பித்துக்கொள்ள உனக்கு ஒரு வழி கொடுத்தாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீ இல்லை என்றாய். அவர் ‘பார்த்தவர்’ என்ற வரியில் விரலை வைத்தார். அந்த இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த காகிதத்திலும் வெறுமை. அதற்கடுத்ததிலும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் கூட இருந்தவர்தானே? இந்தக் கோடுகள் இறங்கியதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?”

நீ என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ‘பார்த்தேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது என்று எனக்குச் சொன்னவனே நீதான். “இல்லைங்க. நான் காகிதத்தைத்தான் பார்த்தேன்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, உன் தோளைத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி, ரயிலுக்குப் புறப்பட்டார்.

அவர் போனதும் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “மச்சான், நெசமாச் சொல்லு” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. ஆரம்பித்ததே போதும். நான் எதைக் கேட்க வந்தேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. கீழே கிடந்த கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டாய். “நீ அவருகிட்ட சொன்னது சரிதான் மாப்பிளே. பார்த்தேன்னு சொல்லிருந்தியன்னா, உன்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன்” என்றாய். கேட்காமல் விட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை.

இதோடு விட்டிருந்தாலும் உன்னைக் காப்பாற்றியிருக்கலாம். நான் விடவில்லை. உன் மேல் இருந்த அன்பா, குற்ற உணர்ச்சியா தெரியாது, மருந்தகத்துக்கு ஒரு மாதம் லீவு போட்டேன். உன் கை இன்னும் நடுங்குகிறது, நானே வெட்டித் தருகிறேன், திரும்பத் திரும்பச் செய்து பார்ப்போம் என்றேன். தினமும் வெட்டினேன். தினமும் தேய்த்தேன். கோடு கெட்டுவிட்டதே, இன்னும் சுத்தம் போதாதோ என்று முன்னைவிடக் கூடுதலாகத் தேய்த்தேன். ஒன்று விடாமல் எல்லாம் மேலேயே ஏறின. அந்தக் காகிதங்களில் ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் என் பெயரைப் பொறுப்பாக எழுதினேன். பார் மச்சான், நான் சாட்சி சொன்னதெல்லாம் உனக்கு எதிரான காகிதங்களில்தான்.

மாதக் கடைசியில் நீ டிரம்மைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாய். “நம்ம கண்ணையே நம்ப முடியலன்னா பொறவு எதுக்கு இது?” என்றாய். பட்டம் இல்லை என்று கல்லூரியிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. நீ அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாய், நான் படித்துவிட்டு ரூத்திடம் கொடுத்தேன்.

பிறகு நீ ஊரில் அதிகம் இருக்கவில்லை. மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு, புதுப்பட்டிப் பக்கம் காய்ச்சல் கண்ட ஜனங்களுக்கு மருந்து கொடுக்கப் போனாய். உன்னிடம் வந்தவர்கள் உன்னைச் சாமி மாதிரிப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கடைசியில் அந்தக் காய்ச்சலே உன்னையும் கொண்டுபோனது. உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் ஆட்டைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ நாம் பேசியதில்லை. ‘இவன் ஏன் அப்படிச் செய்தான்’ என்ற ஒரு எண்ணம் எனக்கு உள்ளே உட்கார்ந்தே இருந்தது. உனக்கு அது தெரியும். தெரிந்தேதான் எனக்கு இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாய்.

கிணற்றடிக்குத் திரும்ப வருகிறேன். ‘உள்ள இருக்கது பூராம் போயிருது’ என்று ரூத் சொன்னாளே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நீ உன் கையால் வெட்டியபோது ஒருநாளும் தேய்த்ததில்லை. உனக்கு அதற்குப் பொறுமையும் கிடையாது. குடல் கழுவிப் பழகாத கை உன்னுடையது. கொழுப்பை எடுத்ததும் கத்தரியைப் போட்டு வெட்டித் தொங்கவிட்டுவிடுவாய். உனக்கும் எனக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், பஞ்சு சுற்றிய ஒரு ஈர்க்குச்சி. அந்த வழவழப்பைக் கசடு என்று நினைத்துக்கொண்டேன். அது கசடு இல்லை என்றால்?

நான்கு நாள் தூக்கம் வரவில்லை. பிறகு, நீ போனபின் எங்கள் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் கிடந்த உன் பெட்டியை இழுத்தேன். டிரம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலும் விசை வேலை செய்தது. கண்ணாடிக் குழாய் ஒன்று முழுசாக இருந்தது. இரண்டாவது மருந்தில் வாயை உருக்கி மூடிய குப்பிகள் இரண்டே இரண்டு மீதம். இந்த யுத்த காலத்தில் இன்னொன்று கிடைக்காது. இரண்டு குப்பி, இரண்டு துண்டு. அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து பழசாகிக் கெட்டுப்போயிருந்தால் அதுவும் போச்சு. அட்ரினலினை மருந்தகத்திலிருந்து எடுத்து வந்தேன். புகை பிடிக்க வீட்டுக்கு வந்த கூப்பன் மண்ணெண்ணெயைத்தான் ஊற்றினேன். ரூத் அதைப் பார்த்துவிட்டுச் சிம்னியைக் கழற்றித் தந்தாள்.

மீரான் பாய்க்குக் கண் மங்கிவிட்டது. கடையில் மகன்தான் இருக்கிறான். நான் கழுத்துக் குழாய் கேட்டதும் உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. “டாக்டருக்கா?” ஆமாம் என்றேன். அவரே தட்டுத் தடுமாறி எழுந்து வந்து வெட்டிக் கொடுத்தார்.

ஒரே குழாயை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியை என் பழக்கப்படி பஞ்சு சுற்றித் தேய்த்தேன். மற்றொரு பாதியின் உட்பக்கத்தில் விரல் நுனிகூடப் படவிடவில்லை. எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? கை தானாகப் போகிறது, இத்தனை வருடப் பழக்கம். அந்த வழவழப்போடு அதை அப்படியே வெட்டித் தொங்கவிடுவது எனக்கு அசிங்கமாகக்கூட இருந்தது.

கரைசலுக்குக் காற்று கொடுக்க ஆள் வேண்டும். ரூத் சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தாள். கால்பந்துக்குள் வைக்கிற ரப்பர்ப் பை ஒன்றுக்கு அவள் காற்றடிக்க, அதிலிருந்து குமிழ் குமிழாகக் கரைசலுக்குள் போனது. இந்தப் பத்து வருடத்தில் இந்தப் பெட்டியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அண்ணன் பொய் சொன்னானா என்றும் கேட்டதில்லை, புருஷன் ஏன் கைவிட்டான் என்றும் கேட்டதில்லை.

முதலில் தேய்த்த துண்டு. அட்ரினலினுக்குக் கோடு ஏறியது. ஒரு குப்பியை உடைத்துக் கரைத்து விட்டேன். இன்னும் ஏறியது. பத்து வருடத்துக்கு முன்பு ஏறிய அதே கோடு. மருந்து கெடவில்லை என்று தெரிந்தது. அடுத்து தேய்க்காத துண்டு. அட்ரினலினுக்கு ஏறி நின்றது. கடைசிக் குப்பியை ஒரு சொட்டும் சிந்தாமல் உடைத்துக் கரைத்தேன் மச்சான். மருந்தை விட்டேன். லீவர் செத்த நேரம் அசையாமல் நின்றது. அப்புறம் நுனி லேசாகத் தலை குனிந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. நான் முக்கிக் கொடியில் தொங்கவிட்ட நாற்பது காகிதத்திலும் இருந்த அதே இறக்கம்.

“எறங்குது” என்றாள் ரூத். கொஞ்சம் பொறுத்து, “அண்ணன் சொன்னது இதத்தானா?” என்று கேட்டாள்.

“இதத்தான்.”

அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது. பம்படிப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

உள்ளே இருந்த அந்த வழவழப்பு என்ன, அது குழாயிடம் என்ன சொல்கிறது, ஏன் அது போனால் குழாய் மனம் மாறுகிறது, இதெல்லாம் எனக்குத் தெரியாது. உனக்கும் அன்று தெரியாது. நீ இருந்தால் தேடியிருப்பாய். ஒரு துண்டும் ஒரு துண்டும் வைத்து ஒன்றையும் சாதித்துவிட முடியாது என்று நீயே சொல்வாய். பேராசிரியர் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக் கல்லூரி விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். ராஜபாளையத்துக் கம்பவுண்டர் ஒருவன் ஈர்க்குச்சியைப் பற்றி எழுதிய கடிதத்தை யார் படிக்கப் போகிறார்கள்? எனக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. சலிப்பாக இருக்கிறது. மருந்தகத்தில் நாள் முழுக்க மருந்து இல்லை, மருந்து இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வீட்டுக்கு வந்தால் உன் டிரம் மேஜை மேல் இருக்கிறது.

புதுக் காகிதத்தை அரக்கில் முக்குவதற்கு முன்பு ஊசியை எடுத்தேன். ‘செய்தவர்’ என்று எழுதி என் பெயரை எழுதினேன். ‘பார்த்தவர்’ என்று எழுதியதும் ரூத் ஊசியை வாங்கி, தன் பெயரை அவளே கீறினாள்.

அப்புறம் உன் பழைய காகிதங்களை எல்லாம் பிரித்துப் பாயில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் உன் பெயருக்குக் கீழே அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. நான் போட வேண்டிய பெயர் அது. ஒன்றை எடுத்து ஊசியை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஊசி வழுக்கிக்கொண்டு போனது, ஒரு கீறல் விழவில்லை. அரக்கு நன்றாகக் காய்ந்திருக்கிறது. என் கை வேலையல்லவா, அழுத்தமாகத்தான் போட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வி இப்போதும் தினமும் ஒருமுறை வருகிறது. மருந்து கலக்கும்போது வருகிறது, ரயிலில் வருகிறது. கண்ணால் பார்த்தீர்களா என்று அவர் கேட்கிறார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். பார்த்தேன் மச்சான், பார்த்தேன். கொஞ்சம் தலையை நிமிர்த்து.

உன் மாப்பிள்ளை